போகிற உயிர்தானே என்று விட்டுவிடாத பெண்மணி



திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரவு ரயிலுக்காகக் காயல்பட்டினம் நிலையத்தில் காத்திருப்பவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஊருக்குத் திரும்பும் மாணவர்கள் இருப்பார்கள், வியாபாரத்துக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். இவர்களுக்கு நடுவே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு தாயோ தந்தையோ சிமெண்டு பெஞ்சில் அமர்ந்திருப்பதையும் காணலாம். பக்கத்தில் மகளோ மருமகளோ ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் மறு கையில் ஸ்கேன் படங்களும் ஃபைலும் வைத்திருப்பார். எங்கே போகிறீர்கள் என்று யாரேனும் கேட்டால், சென்னைக்கு என்று மட்டும் பதில் வரும். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. கேட்டவருக்கும் புரிந்துவிடுகிறது.

புன்னைக்காயலிலிருந்து வந்தவர்களும், கொம்புத்துறை, சிங்கித்துறை மக்களும், காயல் நகரத்து இசுலாமியக் குடும்பத்தினரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து போகிற பயணம் இது. புற்றுநோய்க்கு மதம் தெரியாது. இவர்களில் பலர் போய்ச் சேருகிற இடம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அதைத் தோற்றுவித்தவரின் பெயர் நம் வீடுகளில் வேறொரு காரணத்துக்காகப் புழங்கும் பெயர். கருவுற்ற பெண்களுக்கு அரசு தரும் உதவிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்று பெயர். பணம் வந்ததா என்று கேட்கிற நாம், அந்த அம்மையார் யார் என்று கேட்பது குறைவு. குழந்தை பிறக்கும் வீட்டுக்கும் நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்கும் அவர் பொதுவானவர்.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். அந்தத் திருமணத்தை அக்காலச் சமூகம் ஏற்கவில்லை. தாயின் குலத்துப் பெண்கள் தேவதாசிகளாக்கப்பட்டுப் பட்ட அவமானத்தைச் சிறுவயதிலேயே கண்டவர் அவர். வீட்டின் மூத்த மகள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தம்பி தங்கைகளின் சுமையில் ஒரு பங்கு மூத்தவளின் தலையில் விழும் என்பது நம் ஊர் மூத்த பெண்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பதக்கங்களோடு பட்டம் பெற்று வெளியே வந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அதுவும் சாதி கடந்த திருமணமே. இந்த அளவில் நின்றிருந்தால் வசதியான ஒரு மருத்துவராக வாழ்ந்து மறைந்திருப்பார்.

1923இல் அவருடைய தங்கையைப் புற்றுநோய் தாக்கியது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அக்கா மருத்துவர், அக்காவின் கணவரும் மருத்துவர். சென்னையில் இதைவிட நல்ல வீடு ஒரு நோயாளிக்கு வாய்த்திருக்காது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு அப்போது 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐரோப்பாவில் கதிரியக்க சிகிச்சை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கென்று ஒரு கட்டில்கூட இல்லை. தங்கை வலியால் துடிப்பதைப் பார்ப்பதும், செய்யக்கூடிய சிறு உதவிகளைச் செய்வதும் தவிர அந்த மருத்துவ அக்காவால் எதுவும் செய்ய இயலவில்லை. தங்கை இறந்தார். முத்துலட்சுமிக்கு அப்போது வயது நாற்பதுகூட ஆகவில்லை. வீட்டில் சிறு பிள்ளைகள், வெளியே நோயாளிகள், உள்ளே இந்தத் துயரம்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ புற்றுநோய் வந்த வீட்டில் இருந்தவர்களுக்கு இது புதிய கதை அல்ல. நோயாளியின் வலி ஒருபுறம் என்றால், பக்கத்தில் இருப்பவரின் கையாலாகாத்தனம் இன்னொரு நோய். இரவில் அம்மா முனகுகிறார். மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது, அடுத்தது கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாது. யாரைக் கேட்பது? அண்ணன் கப்பலில் இருக்கிறார், தம்பி வளைகுடா நாட்டில் இருக்கிறார், பணம் அனுப்புகிறார்கள். உடம்பைத் துடைத்துவிடுவதும் வாந்தியை அள்ளுவதும் வீட்டில் இருக்கும் ஒருத்தியின் வேலை. நோயாளிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு வருகிறவர்கள், அந்த ஒருத்திக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. நற்கருணை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குச் செல்கிறவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முத்துலட்சுமி தம் துயரத்தை விழுங்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடவில்லை. 1925இல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இருந்தது. அதன் வரலாறும் வியப்பானது. வில்லியம் மார்ஸ்டன் என்ற மருத்துவரின் மனைவி 1846இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரிலிருந்துதான் 1851இல் அந்த மருத்துவமனை பிறந்தது. நம் நாட்டிலும் அப்படித்தான். மும்பையில் தொராப்ஜி டாட்டாவின் மனைவி மெகர்பாய் 1931இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த பிறகே டாட்டா நினைவு மருத்துவமனைக்கான எண்ணம் உருவாகி, அது 1941இல் திறக்கப்பட்டது. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகள் மூன்றின் அடித்தளத்தில் மூன்று வீடுகளின் கண்ணீர் இருக்கிறது. மார்ஸ்டன் புகழ்பெற்ற மருத்துவர், டாட்டா பெரும் செல்வர். முத்துலட்சுமியிடம் கைகளும் வாயும் மட்டுமே இருந்தன.

அவற்றைக் கொண்டு அவர் செய்தவை ஏராளம். சென்னை மாகாணச் சட்ட மேலவையில் இடம்பெற்று அதன் துணைத் தலைவரானார். சிறுமிகளைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டத்துக்காகப் போராடினார். காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். போக்கிடமின்றிக் கதவைத் தட்டிய பெண் பிள்ளைகளுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை. நமக்கு இங்கே தேவையானது வேறு. இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் தங்கையின் படுக்கையை அவர் மறக்கவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேச எழுந்தபோது, தமிழ்நாட்டுக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். தங்கை இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் போர் வந்தது, பஞ்சம் வந்தது, விடுதலை வந்தது. மருத்துவமனை வரவில்லை.

அரசிடம் சென்றபோது கிடைத்த மறுமொழிதான் இந்த வரலாற்றில் நம்மை அதிகம் உறுத்த வேண்டிய பகுதி. புற்றுநோய் வந்தால் எப்படியும் சாகத்தான் போகிறார்கள், அதற்கு எதற்கு ஒரு மருத்துவமனை என்ற எண்ணம் பொறுப்பில் இருந்தவர்களிடமே இருந்தது. அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. காலரா, அம்மை, காசநோய் என்று காப்பாற்றக்கூடிய உயிர்களே கொத்துக் கொத்தாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கணக்கில் வலியால் துடிக்கும் ஒரு மனிதருக்கு இடமில்லாமல் போயிற்று.

அன்பார்ந்தவர்களே, அந்தக் கணக்கு அரசு அலுவலகத்தோடு நின்றுவிட்டதா? அம்மாவுக்கு 68 வயதாகிறது. மார்பில் கட்டி இருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். வீட்டில் பிள்ளைகள் கூடிப் பேசுகிறார்கள். காலம் போன காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் தொடங்குகிறார். போகிற உயிர்தானே, கஷ்டப்படுத்தாமல் இருக்கட்டும் என்று மற்றொருவர் முடிக்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சிகிச்சையைத் தவிர்த்தால் அந்தத் தாயின் கஷ்டம் குறையப் போவதில்லை. கவனிக்காமல் விட்ட புண்ணும், மருந்தில்லாத எலும்பு வலியும் என்ன கஷ்டம் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். எத்தனை நாள் வாழ்வார் என்பதை மட்டும் கேட்கிறோம். இருக்கும் நாள்களை எப்படி வாழ்வார் என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் எழுவதில்லை. தாயிடமே ஒரு வார்த்தை கேட்பதும் இல்லை. அவருக்கு வெறும் கட்டி என்று சொல்லி வைத்திருப்பார்கள். அவருக்கோ எல்லாம் தெரியும். பிள்ளைகள் வருந்துவார்களே என்று தெரியாதது போல் நடித்துக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரிடமிருந்து ஒருவர் மறைப்பதில் எஞ்சிய மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

நம் திருச்சபையில் இதற்கு மாறான ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். குழந்தை இயேசுவின் புனித தெரசாவின் தாயார் செலி மார்ட்டினுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. இனி அறுவை சிகிச்சையால் பயனில்லை என்று 1876 டிசம்பரில் மருத்துவர்கள் சொன்னபோது, அதை அவர் வீட்டாரிடம் மறைக்கவில்லை. மூத்த மகள் மரிக்கு 16 வயது, தெரசாவுக்கு நான்கு வயது நிரம்பவில்லை. மறு ஆண்டு ஜூனில் மூத்த பெண்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்றார். குணம் கிடைக்கவில்லை. 1877 ஆகஸ்டு 28இல் 45 வயதில் இறந்தார். ஆனால் கடைசி மாதங்களில் அந்தப் பெண்கள் தாயை அறிந்தே பணிவிடை செய்தார்கள், தாயும் அறிந்தே விடைபெற்றார். லூர்து நகரில் கேட்டது கிடைக்காத அந்தத் தாயைத்தான் 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கணவர் லூயியோடு சேர்த்துப் புனிதராக அறிவித்தார். மருத்துவத்தை நிறுத்திவிட்டு செபக்கூட்டத்துக்கு மட்டும் நோயாளியை அழைத்துப் போகிறவர்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்கள் செலியம்மாளின் வரலாற்றையும், மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை படிக்க வேண்டும்.

முத்துலட்சுமியிடம் திரும்புவோம். அரசு கைவிரித்தபோது அவர் பெண்களிடம் சென்றார். இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. சிறுகச் சிறுகப் பணம் சேர்ந்தது. இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி மருத்துவம் படித்து, புற்றுநோய் சிகிச்சையில் அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். வேறெங்கும் கை நிறையச் சம்பாதித்திருக்கலாம். தாயின் 30 ஆண்டு ஏக்கத்துக்கு அவர் தம் வாழ்நாளைக் கொடுத்தார். பெற்றோருக்குத் துணை நிற்பது என்பதில் இதுவும் ஒரு வகை. 1952 அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. முத்துலட்சுமிக்கு அப்போது 67 வயது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பன்னிரண்டே படுக்கைகள்! மாகாணம் முழுவதும் உள்ள நோயாளிகளுக்கு அது எம்மாத்திரம்? ஐந்து அப்பமும் இரண்டு மீனும் எம்மாத்திரம் என்று கேட்ட சீடரின் நினைவு வருகிறது. மறு ஆண்டு சாந்தா என்ற இளம் பெண் மருத்துவர் வந்து சேர்ந்தார். மகனும் அவரும் தொடக்க ஆண்டுகளின் பாரம் முழுவதையும் சுமந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கனடாவிலிருந்து கோபால்ட் கதிரியக்கக் கருவி வந்து சேர்ந்தது. 1923இல் தங்கைக்குக் கிடைக்காதது ஏழை வீட்டுத் தாய்மாருக்குக் கிடைக்கத் தொடங்கியது. கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும், முடியாதவருக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை என்பது அன்று முதல் அந்த நிறுவனத்தின் வழக்கம்.

முத்துலட்சுமி கத்தோலிக்கர் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். அவரைப் பற்றி நம் மறைமாவட்டத்தின் சிந்தனைப் பக்கத்தில் எழுதலாமா என்று யாராவது கேட்கக்கூடும். ஆண்டவர் சொன்ன உவமையில் அடிபட்டுக் கிடந்தவருக்கு இரங்கியவரும் உள்ளூர்க்காரர் அல்லரே. அந்தச் சமாரியர் காயத்துக்குக் கட்டுப் போட்டதோடு போய்விடவில்லை என்பதை நாம் பெரும்பாலும் வேகமாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். சத்திரம் வரை கொண்டு சேர்த்தார், இரவு கூட இருந்தார், சத்திரக்காரருக்குப் பணம் கொடுத்தார், திரும்பி வருவதாகவும் சொன்னார். புற்றுநோயாளியின் வீட்டுக்குத் தேவைப்படுவதும் இதேதான். முதல் வாரத்தில் ஊரே ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து நிற்கும். ஐந்தாம் கீமோதெரபிக்குப் போகும்போது ரயிலடி வரை வர ஆள் இருக்காது.

நம் கடற்கரைக்கு இது தெரியாத வேலையும் அல்ல. காயல்பட்டினத்துக்கு வடக்கே தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில், 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அருட்தந்தை அன்றிக்கே அன்றிக்கஸ் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். தமிழில் முதன்முதலாக நூல் அச்சிட்டவர் என்றே அவரை நாம் கொண்டாடுகிறோம். அந்த மருத்துவமனையைத் தாங்கியது முத்துக்குளித்த நம் முன்னோரின் காணிக்கை. ஆண்கள் கடலடியில் மூச்சடக்கிச் சம்பாதித்ததில் ஒரு பங்கு, பெயர் தெரியாத நோயாளியின் கஞ்சிக்குப் போனது.

இன்று வாய்ப்புகள் எவ்வளவோ கூடியிருக்கின்றன. தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே புற்றுநோய்க்குச் சிகிச்சை கிடைக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மருத்துவமனைச் சான்று இருந்தால் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. குணப்படுத்த முடியாத நிலையிலும் வலியைத் தணிக்கும் சிகிச்சை உண்டு. மார்பின் மருந்து கிடைப்பதில் இருந்த கெடுபிடிகள் 2014இல் சட்டத் திருத்தத்தால் தளர்த்தப்பட்டன. ஆனால் எழுதப் படிக்கத் தயங்கும் ஒரு மீனவக் குடும்பத்துப் பெண்ணுக்கு இவற்றை யார் சொல்வது? காப்பீட்டு அட்டைக்காக அலுவலகத்தில் அவளுக்குப் பதில் யார் வரிசையில் நிற்பது? அன்பியக் கூட்டங்களில் செபமாலை முடிந்த பிறகு இதைப் பேசலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் அரிசியோடு இந்தத் தகவலையும் கொண்டு போகலாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அம்மாவின் பக்கத்தில் நாம் அமர்ந்துகொண்டால் அந்த மகள் திருப்பலிக்கு வந்து போக முடியும். பல வாரங்களாக அவள் ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று குறை சொல்வதைவிட இது எளிது.

முத்துலட்சுமி 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22ஆம் நாள், 82ஆம் பிறந்த நாளுக்கு எட்டு நாள் இருக்கையில் காலமானார். அதற்குள் அந்தப் பன்னிரண்டு படுக்கை இடம் நாடறிந்த நிறுவனமாகியிருந்தது. மகன் கிருஷ்ணமூர்த்தி அங்கேயே உழைத்தார். சாந்தா திருமணம் செய்துகொள்ளாமல் மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்து, 2005இல் மகசேசே விருது பெற்ற பிறகும் நோயாளிகளைப் பார்ப்பதை விடாமல், 2021 ஜனவரி 19ஆம் நாள் மறைந்தார்.

காயல்பட்டினத்தில் இரவு ஏறியவர்கள் மறுநாள் காலை சென்னையில் இறங்குகிறார்கள். கையில் ஃபைலோடு நிற்கும் மகள் ஆட்டோக்காரரிடம் அடையாறு என்று சொல்கிறாள். மருத்துவமனையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பின்னால் திரும்பி அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, மேடு பள்ளம் பார்த்து மெதுவாகவே ஓட்டுகிறார்.